பொன்னேட்டில் இல்லாத பெயர்கள் – 6: புனித அன்னா மடத்துக் கைதி

மொதெராத்தா ஃபோந்தே என்ற புனைபெயருக்குள் மறைந்து எழுதிய வெனிஸ் நகரத்து மாது 1592-ஆம் ஆண்டில் பிரசவத்தின்போதே உயிர் நீத்ததையும், ஒரு தோட்டத்தில் கூடிய ஏழு பெண்கள் ஆண்மக்களின் நீதியை விசாரிப்பதாக அவள் இயற்றிய நூல் எட்டு ஆண்டுகள் கழித்து 1600-இல் அச்சேறியதையும் சென்ற வாரம் கண்டோம். அதே ஆண்டில் லுக்ரேஸியா மரினெல்லாவும் பெண்குலத்தின் மேன்மையை நிலைநாட்டி ஒரு நூல் வெளியிட்டாள். இரண்டையும் கற்றோர் படித்தார்கள், பாராட்டவும் செய்தார்கள். ஆயினும் அந்த நகரத்தின் ஒரு வழக்கமேனும் அதனால் அசைந்து கொடுக்கவில்லை.

அவ்விருவரும் தத்தம் வீட்டில் வாழ்ந்து, விவாகம் செய்துகொண்டு, குடும்பத்தின் நடுவே இருந்து எழுதியவர்கள். இந்த வாரம் நாம் சந்திக்கப்போகிறவளுக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. தன்னைச் சுற்றி எழுந்த சுவரை யார் எழுப்பினார்கள், எந்த லாபநஷ்டக் கணக்கின்படி எழுப்பினார்கள் என்ற கேள்வியை அந்தச் சுவருக்கு உள்ளிருந்தே கேட்டவள் அவள்.

* * *

சீதனத்தின் கணக்கு

வெனிஸின் ஐசுவரியம் கடலிலிருந்து வந்தது. நமது மேற்குக் கரையில் விளைந்த மிளகு அரபு வணிகரின் கைமாறி, அலெக்ஸாந்திரியத் துறைமுகத்தை அடைந்து, அங்கிருந்து வெனிஸின் மரக்கலங்களில் ஏறி ஐரோப்பா முழுவதற்கும் பரவிய அந்த நீண்ட காலத்தில், தம்பிமார் அனைவரும் கப்பலேறிப் பொருள் ஈட்டலாம் என்ற நம்பிக்கை ஒவ்வொரு பிரபுவின் இல்லத்திலும் இருந்தது. போர்ச்சுக்கீசியர் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு இந்தியாவுக்கு வழி கண்டதும், பின்னர் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் அதே வழியில் புகுந்ததும் அந்த நம்பிக்கையைச் சிறிது சிறிதாக அரித்துவிட்டன. கடலில் இட்ட முதலை எடுத்து நிலத்தில் இட்டார்கள். நிலமோ பங்கு போடப்போடக் குறைவது.

ஆகவே சொத்தைப் பிரியாமல் காப்பது எப்படி என்பதே பிரபுக்களின் பெருங்கவலை ஆயிற்று. சகோதரர்கள் கூட்டாகச் சொத்தை அனுபவிப்பது, அவர்களில் ஒருவன் மட்டும் மணம் புரிந்து சந்ததியை வளர்ப்பது, ஏனையோர் பிரமசாரிகளாகவே காலங்கழிப்பது என்ற ஏற்பாடு பெரும்பாலான மாளிகைகளில் நிலைபெற்றது. ஒரு தலைமுறையில் ஒரு மாளிகைக்கு ஒரு மாப்பிள்ளைதான் என்றால், மணமகனைத் தேடும் பெண்களின் கதி என்ன?

மாப்பிள்ளைகள் அருகினார்கள், அவர்களுடைய விலை ஏறிற்று. 1420-ஆம் ஆண்டில் சீதனத்துக்கு உச்சவரம்பாக 1,600 துக்காத்துப் பொற்காசுகளை விதித்துச் சட்டம் செய்த அரசாங்கம், 1505-இல் அதனை 3,000 ஆக்கியது. 1575-இல் 6,000 ஆக்கியது. உச்சவரம்பை இப்படி மீண்டும் மீண்டும் உயர்த்த வேண்டியிருந்தது ஒன்றே, அதனை எவரும் மதிக்கவில்லை என்பதற்குப் போதிய சாட்சியாகும். சட்டப் புத்தகத்தில் ஒரு தொகையும் திருமணப் பேச்சில் வேறொரு தொகையுமாகக் காரியம் நடந்தது.

மடத்துக்கும் சீதனம் உண்டு. ஆனால் கன்னியாஸ்திரீயாகும் பெண்ணுக்குக் கொடுக்க வேண்டியது, பிரபுவின் மனைவியாகும் பெண்ணுக்குக் கொடுப்பதில் மிகச் சிறிய பங்கே. நான்கு பெண்களைப் பெற்ற தந்தை ஒருத்திக்கு மணமுடித்து, மற்ற மூவரையும் மடத்தில் சேர்த்துவிட்டால், குலமும் தப்பியது, சொத்தும் தப்பியது. நகரத்தில் இருந்த கன்னியர் மடங்கள் ஏறத்தாழ முப்பது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் வெனிஸின் பிரபு குலத்துப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் அந்த மடங்களின் சுவர்களுக்குள் இருந்தார்கள் என்று சரித்திர ஆசிரியர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

பாதிப்பேர்! இந்த விகிதத்தைப் பக்தியினால் விளைந்தது என்று எவரும் நம்பவில்லை. பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெனிஸின் தலைமைக் குருவாக விளங்கிய ஜொவானி தியேபோலோவே, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட உயர்குலப் பெண்கள் ஒரு பொதுக் கிடங்கில் வைத்துப் பூட்டியதுபோல் மடங்களில் கிடக்கிறார்கள் என்றும், தங்கள் சுதந்திரத்தை அவர்கள் இறைவனுக்கு மட்டுமின்றி நாட்டுக்கும் உறவினருக்கும் சேர்த்தே காணிக்கையாக்கினார்கள் என்றும் அரசாங்கத்துக்கு எழுதினார். அவர் அந்தப் பெண்களிடம் இரக்கம் கொண்டே அப்படி எழுதினார். அவர்களை வெளியே விட வேண்டும் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

* * *

காலை இழுத்து நடந்த சிறுமி

நகரத்தின் கிழக்குக் கோடியில், கப்பல் கட்டும் துறைக்கு அப்பால், கஸ்தெல்லோ என்ற பேட்டை இருக்கிறது. அங்கே 1604-ஆம் ஆண்டில் ஸ்தேபானோ தரபோத்தி என்பவருக்கு ஒரு பெண் பிறந்தாள். எலெனா கஸாந்திரா என்று பெயரிட்டார்கள். அக்குடும்பம் வசதியுள்ளது, ஆனால் பிரபு குலங்களின் பதிவேடான பொன்னேட்டில் பெயர் பதிந்ததன்று. பிரபுக்கள் காட்டிய வழியையே மற்றவர்களும் பின்பற்றினார்கள் என்பதற்கு இந்த வீடே ஓர் உதாரணம்.

எலெனாவுக்குத் தந்தையிடமிருந்து இரண்டு வந்தன. ஒன்று, காலில் ஊனம். அவரைப் போலவே அவளும் நொண்டி நடந்தாள். மற்றொன்று, அவர் அவளைப் பற்றிச் செய்த தீர்மானம். பல பெண்கள் நிறைந்த வீட்டில், சீதனச் சந்தையில் எடுபடாத பெண் எவள் என்பதைத் தீர்மானிக்க அதிக நேரம் ஆகியிராது. பின்னாளில் அவளுடைய தங்கை லொரெந்ஸினாவுக்கு ஜாக்கொமோ பிகெத்தி என்ற வழக்கறிஞரை மணம் செய்து கொடுத்தார்கள். எலெனாவுக்கோ, 1617-ஆம் ஆண்டில், பதின்மூன்றாம் வயதில், கஸ்தெல்லோவிலேயே இருந்த பெனெதிக்தீன் சபையின் புனித அன்னா மடம் வாய்த்தது. புகழ்பெற்ற ஓவியர் தின்தொரெத்தோவின் பெண்கள் இருவர் கன்னியாஸ்திரீகளாக வாழ்ந்த மடம் அது.

முதலில் வெறும் மாணவியாகத்தான் அனுப்பினார்கள். அதுதான் வழக்கம். படிக்கவும் தைக்கவும் கற்றுக்கொண்டு வரட்டும் என்று சிறுமியை அனுப்புவார்கள். அவள் வருவாள் என்று வீட்டில் எவரும் எதிர்பார்ப்பதில்லை. மடத்திலேயே வளரும் குழந்தைக்கு அங்குள்ள அத்தையும் பெரியம்மாவுமே உலகமாகிவிடுவார்கள். ஒரு நாள், அங்கி தரிக்கும் காலம் வந்துவிட்டது என்பார்கள்.

1620-இல் எலெனா அங்கி தரித்தாள். 1623-இல் இறுதி வார்த்தைப்பாடு கொடுத்தாள். பத்தொன்பது வயதில் எலெனா மறைந்து அர்க்காஞ்செலா ஆனாள்.

* * *

கறுப்புத் துணியின் கீழ்

இந்த இடத்தில் வாசகர்கள் சற்றே நிற்க வேண்டும். அந்தச் சடங்கு எப்படி நடந்தது என்பதை அவளே, மடத்து வாழ்வை நரகமாகச் சித்திரித்த தன் நூலில் விவரித்திருக்கிறாள். அதைப் படித்தவர்களால் எளிதில் மறக்க முடியாது.

கோயிலில் உறவினர் கூடியிருக்கிறார்கள். பெண் பீடத்தின் முன் தரையில் குப்புற விழுகிறாள். அவள் உடல் முழுவதையும் ஒரு கறுப்புத் துணியால் மூடுகிறார்கள். தலைமாட்டில் ஒரு மெழுகுவர்த்தி, கால்மாட்டில் ஒரு மெழுகுவர்த்தி. மேலே புனிதர்களின் மன்றாட்டு மாலை ஒலிக்கிறது. பிணத்துக்குச் செய்வது அனைத்தும் உயிருள்ள பெண்ணுக்குச் செய்யப்படுகிறது. தன் சாவுச் சடங்கைத் தானே செவியால் கேட்டுக்கொண்டு அவள் கிடக்கிறாள்.

மனமுவந்து துறவு பூணும் பெண்ணுக்கு இதே சடங்கு பேரானந்தமாக இருக்கலாம். அதை அர்க்காஞ்செலாவும் மறுக்கவில்லை. உண்மையான அழைப்புப் பெற்றவளுக்கு மடம் சுவர்க்கமே என்று பின்னர் தனியாக ஒரு நூலே எழுதினாள். அழைப்புப் பெறாதவளையும் அதே துணியால் மூடினார்களே என்பதுதான் அவளுடைய வழக்கு.

நரகத்தைச் சித்திரித்த அந்த நூலில் இன்னொரு காட்சியும் வருகிறது. ஒரே வீட்டில் இரண்டு சகோதரிகள். ஒருத்தி மணப்பெண், ஒருத்தி மடத்துப் பெண். முன்னவளுக்குப் பட்டும் சரிகையும் முத்தும் மாளிகைக்கு வந்து குவிகின்றன. பின்னவளுக்கு எவ்வளவு மலிவாகத் துணி எடுக்கலாம் என்று தந்தை யோசிக்கிறார். இருவரும் ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்கள்தாம். தந்தையின் பேரேட்டில் மட்டும் ஒருத்தி முதலீடு, மற்றவள் செலவு.

* * *

எழுதப்பட்ட சட்டமும் எழுப்பப்பட்ட சுவரும்

இதைத் தடுக்கச் சட்டம் இல்லையா என்று கேட்கத் தோன்றும். இருந்தது. 1563-ஆம் ஆண்டு டிசம்பரில் திரிதெந்தீன் பொதுச்சங்கம் தன் கடைசி அமர்வில் கன்னியர் மடங்களைக் குறித்துப் பல விதிகளைச் செய்தது. பதினாறு வயது நிரம்புமுன் எவளும் வார்த்தைப்பாடு கொடுத்தல் ஆகாது. ஆயரோ அவர் நியமித்தவரோ பெண்ணைத் தனியாக விசாரித்து, அவள் சுயேச்சையாக வருகிறாளா, நிர்ப்பந்தத்தினால் வருகிறாளா என்று அறிய வேண்டும். விருப்பமில்லாத பெண்ணை மடம் புகச் செய்பவர் எத்தகைய அந்தஸ்துடையவராயினும் திருச்சபையின் சாபத்துக்கு உள்ளாவர். இவ்வளவு தெளிவான விதி வேறென்ன வேண்டும்?

அதே அமர்வில் இன்னொரு விதியும் பிறந்தது. வார்த்தைப்பாடு கொடுத்தவள் ஆயரின் அனுமதியின்றி மடத்தின் வாசலைத் தாண்டக் கூடாது.

இவ்விரு விதிகளில் இரண்டாவதை வெனிஸ் கொத்தனார்களை வைத்து நிறைவேற்றியது: ஜன்னல்கள் அடைபட்டன, கதவுகள் குறைந்தன, பேச்சறைகளில் இரும்புக் கிராதிகள் எழுந்தன. மடங்களைக் கண்காணிப்பதற்கென்றே 1521 முதல் தனி அதிகாரிகள் இருந்தார்கள். முதல் விதியோ ஏட்டோடு நின்றது. ஆயரின் பிரதிநிதி கேட்டார். பெண், சம்மதம் என்றாள். மாட்டேன் என்று சொல்பவளுக்குத் திரும்பிப் போக வீடு ஏது? மணமாகாமலும் மடம் புகாமலும் ஒரு பெண் கௌரவமாக வாழ்வதற்கு அந்த மாபெரும் நகரத்தில் இடமே வைக்கப்படவில்லை. வேறு வழிகளையெல்லாம் அடைத்துவிட்டுக் கேட்கும் கேள்விக்கு வரும் பதிலைச் சம்மதம் என்று எப்படிக் கொள்வது? நானூறு ஆண்டுகள் கழித்துப் படிக்கும் நமக்கே நெஞ்சு பொறுக்கவில்லை. உள்ளே இருந்தவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

* * *

எழுதுகோல்

அர்க்காஞ்செலாவுக்கு ஆசிரியர் எவரும் வாய்க்கவில்லை. தன் லத்தீனில் பிழை மலிந்திருப்பதையும், இலக்கணம் தனக்கு எவரும் கற்பிக்காததையும் அவள் வெளிப்படையாகவே எழுதினாள். பெண்களைக் கல்வியிலிருந்து விலக்கி வைத்துவிட்டுப் பின்பு அறியாமைக்காக அவர்களையே பழிப்பது எந்த நியாயம் என்று அதையே ஓர் ஆயுதமாகவும் ஆக்கிக்கொண்டாள். கையில் கிடைத்த நூல்களையெல்லாம் படித்தாள். தாந்தேயை அவள் எவ்வளவு ஆழ்ந்து கற்றாள் என்பது அவளுடைய நூல்களின் பெயர்களிலேயே விளங்கும்: மடத்தின் நரகம், மடத்தின் சுவர்க்கம், கொடிய கணவருக்கு வாழ்க்கைப்பட்டவர்களின் உத்தரிப்பு ஸ்தலம். இவற்றில் கடைசி நூல் இன்று நமக்குக் கிடைக்கவில்லை.

நூல்கள் எப்படி உள்ளே வந்தன? பேச்சறையின் கிராதி வழியாகத்தான். வெனிஸ் மடங்களின் பேச்சறை விசித்திரமானதோர் இடம். புனித ஸக்கரியா மடத்துப் பேச்சறையைப் பதினெட்டாம் நூற்றாண்டில் குவார்தி தீட்டிய சித்திரம் ஒன்று உண்டு. கிராதிகளுக்குப் பின்னால் கன்னியாஸ்திரீகள், முன்னால் பகட்டுடையில் விருந்தினர், ஒரு பக்கத்தில் குழந்தைகளுக்காகப் பொம்மலாட்டம் என்று அது ஒரு சந்தை போலவே காட்சியளிக்கிறது. அர்க்காஞ்செலாவின் கிராதிக்கு வந்தவர்களோ எழுத்தாளர்கள். தங்கையின் கணவர் பிகெத்தி, ஜொவான் பிரான்செஸ்கோ லொரெதானோ என்ற பிரபு 1630-இல் நிறுவிய அறியப்படாதோர் கழகத்தைச் சேர்ந்தவர். வெனிஸின் கூர்மையான பேனாக்கள் அனைத்தும் கூடிய அந்தக் கழகத்தின் வாசல் இவ்வாறு அவளுக்குக் கடித வழியாகத் திறந்தது.

கடிதங்களில் இலக்கியம் மட்டும் இருக்கவில்லை. பிரெஞ்சுத் தூதரின் குடும்பத்தாருக்கும் வேறு சீமாட்டிகளுக்கும் மடத்தில் பின்னப்படும் லேஸுகளை அவள் ஏற்பாடு செய்து கொடுத்தாள். எத்தனை நாளில் முடியும், என்ன விலை, நூல் எப்படி என்றெல்லாம் விவகாரம் பேசினாள். வெனிஸின் லேஸை ஐரோப்பிய அரசர்கள் கழுத்தில் அணிந்த காலம் அது. கிராதிக்குப் பின்னால் கண் நோகப் பின்னியவர்களின் பெயர் எந்த அரசனுக்கும் தெரியாது.

துன்பத்தினிடையே அவளுக்கு ஒரு தோழமையும் இருந்தது. ரெஜினா தொனா என்ற கன்னியாஸ்திரீ 1645-இல் இறந்தபோது, அர்க்காஞ்செலா கண்ணீர் என்ற பெயரிலேயே ஓர் இரங்கலுரை எழுதினாள். மடத்தை நரகம் என்று எழுதிய அதே கை, அந்த மடத்தில் பெற்ற ஒரே நிதியை இழந்து நடுங்கிக்கொண்டு எழுதிய பக்கங்கள் அவை.

* * *

ஏளனமும் எதிர்வாதமும்

1643-இல் மடத்தின் சுவர்க்கம் அச்சேறியது. அதை அவள் அன்றைய தலைமைக் குருவான கர்தினால் பெதெரிக்கோ கொர்னாரோவுக்குச் சமர்ப்பித்தாள். இந்தக் கர்தினால்தான் பின்னர் ரோமாபுரியில் பெர்னீனியைக் கொண்டு புனித தெரேசாளின் பரவச நிலையைச் சலவைக்கல்லில் செதுக்குவித்தவர். அந்தச் சிற்றாலயத்துக்குப் போகிறவர்கள் இருபுறச் சுவர்களையும் கவனிக்க வேண்டும்: நாடக மண்டபத்தின் மாடங்கள் போன்ற அமைப்புகளில் கொர்னாரோ குடும்பத்து ஆண்கள் சிலைகளாக வீற்றிருக்கிறார்கள். ஒரு கன்னியாஸ்திரீ இறைவனோடு ஒன்றும் கணத்திலும் கூட ஒரு குடும்பத்தின் ஆண்மக்கள் சுற்றி அமர்ந்திருக்க வேண்டுமென்று அந்த யுகத்துக்குத் தோன்றியிருக்கிறது.

அடுத்த ஆண்டே போர் மூண்டது. பிரான்செஸ்கோ புவோனின்செஞ்ஞி என்பவர் பெண்களின் ஆடை ஆடம்பரத்தைக் கேலி செய்து எழுதியிருந்தார். 1644-இல் அர்க்காஞ்செலா அதற்கு விடை வெளியிட்டாள். ஒரு முழப் பட்டுக்கும் உரிமையற்ற கன்னியாஸ்திரீ, தான் என்றுமே அணிய முடியாத ஆடைகளுக்காக வாதாடினாள். தங்கள் தலைமயிருக்கும் அங்கவஸ்திரத்துக்கும் ஆண்கள் செலவழிக்கும் காலத்தையும் காசையும் எடுத்துக்காட்டி, படிப்பும் பதவியும் இல்லாதவர்களிடமிருந்து அலங்காரத்தையும் பறிக்கப் பார்க்கிறீர்களே என்று கேட்டாள்.

நண்பர்களில் சிலர் அன்றே பகைவரானார்கள். மறுப்பு நூல்கள் தயாராயின. இவ்வளவு நேர்த்தியாக ஒரு பெண் எழுத முடியாது, சுவர்க்கத்தின் நடைக்கும் இதன் நடைக்கும் பொருத்தமில்லை, ஆகவே இரண்டும் அவளுடையனவாக இரா என்று வதந்தி கிளப்பினார்கள். பக்தி நூலுக்கு ஒரு நடை, கேலிக்கு மறுமொழி சொல்வதற்கு ஒரு நடை என்பது எழுதத் தெரிந்தவர்களுக்கு விளங்கும் என்று அவள் பதில் சொன்னாள். 1650-இல் தன் கடிதங்களைத் திரட்டி அவளே அச்சிட்டதற்கு ஒரு காரணம், தன் எழுத்து தன்னுடையதே என்று உலகம் அறியட்டும் என்பதாக இருக்க வேண்டும்.

பெண்கள் மனித இனத்தைச் சேர்ந்தவர்களே அல்லர், அவர்களுக்கு ஆன்மா கிடையாது என்று வேதவாக்கியங்களைத் திரித்து வாதிட்ட ஒரு லத்தீன் பிரசுரம் 1595-இல் தோன்றியிருந்தது. 1647-இல் அது இத்தாலிய மொழியில் வெளிவந்தது. பலர் அதனைப் படித்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். அர்க்காஞ்செலா சிரிக்கவில்லை. வாக்கியம் வாக்கியமாக எடுத்து, 1651-இல் புனைபெயரில் அதனை உடைத்தெறிந்தாள். ஆன்மா இல்லாத பிராணிக்குச் சொத்தும் சுதந்திரமும் எதற்கு என்ற அடுத்த கேள்வி எங்கே போய் முடியும் என்பது அவளுக்குத் தெரியும்.

* * *

அச்சேற முடியாத நூல்

ஆனால் இவையெல்லாம் அவளுடைய பெருநூல் அல்ல. இளமையிலேயே எழுதத் தொடங்கி, ஆயுள் முழுவதும் திருத்திக்கொண்டும் மறைத்துக்கொண்டும் பிரதியாக வைத்திருந்த நூல் ஒன்று உண்டு. தந்தையரின் கொடுங்கோன்மை என்பது அதன் பெயர்.

அதில் அவள் கையாண்ட வாதம் மிக எளியது. ஆதாமுக்கும் ஏவாளுக்கும் கடவுள் சுயேச்சை என்ற ஒரே கொடையைச் சமமாகவே அளித்தார். களிமண்ணால் ஆன ஆணுக்கும் அவன் விலா எலும்பால் ஆன பெண்ணுக்கும் அதில் பேதம் வைக்கவில்லை. கடவுளே நிர்ப்பந்திக்காத மனித சித்தத்தை நிர்ப்பந்திக்கும் தந்தை யாருடைய அதிகாரத்தைக் கைப்பற்றுகிறான்? விருப்பமற்ற பலியை இறைவன் ஏற்பாரா? இந்தக் கேள்விகளுக்கு வேதசாஸ்திரிகள் எவரும் எளிதில் விடை சொல்ல முடியாது.

பின்னர் அவள் வேதத்தை விட்டு ராஜாங்கத்தின் பக்கம் திரும்புகிறாள். அங்கேதான் அவளுடைய துணிவு நம்மைத் திகைக்க வைக்கிறது. இது தனிப்பட்ட தந்தைகளின் கல்நெஞ்சம் மட்டுமன்று. இது ராஜதந்திரம் என்கிறாள். எல்லாப் பெண்களும் மணம் புரிந்தால் பிரபுக்கள் பெருகிவிடுவார்கள், சீதனத்தால் வீடுகள் வறியவாகும் என்று அஞ்சுகிற அரசு, கடவுளின் பெயரைச் சொல்லித் தன் கஜானாவைக் காக்கிறது. மற்ற ஆசிரியர்கள் அரசனுக்கோ கர்தினாலுக்கோ நூலைச் சமர்ப்பிப்பார்கள். இவள் இந்த நூலை வெனிஸ் குடியரசுக்கே சமர்ப்பித்தாள், பெண்களைப் பலவந்தமாக மடத்தில் அடைக்கும் வழக்கம் வேறெங்கும் இல்லாத அளவுக்கு மலிந்த நாட்டுக்கு இதுவே ஏற்ற காணிக்கை என்று சொல்லி. சுதந்திரத்தின் தாயகம், எவராலும் தீண்டப்படாத கன்னி என்று தன்னைத்தானே வருணித்துக்கொண்ட குடியரசு அது!

வெனிஸில் இதை அச்சிட எவன் துணிவான்? பிரான்ஸ் தேசத்திலாவது அச்சேற்ற முடியுமா என்று முயன்றாள். பாரிஸின் அதிகார பீடத்தில் இருந்த கர்தினால் மஸரன் வரைக்கும் அவளுடைய கடிதங்கள் போயின. நூல் வெளிவரவில்லை. 1652-ஆம் ஆண்டு பிப்ரவரியில், முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் மாணவியாகப் புகுந்த அதே மடத்தில், நாற்பத்தெட்டாம் வயதில் அர்க்காஞ்செலா இறந்தாள்.

இரண்டு ஆண்டுகள் சென்றன. 1654-இல், வெனிஸின் எந்த அதிகாரியின் கையும் எட்டாத ஹாலந்து நாட்டு லெய்டன் நகரின் பெயரைத் தாங்கி ஒரு நூல் வெளிவந்தது. முகப்பில், ஏமாற்றப்பட்ட பேதைமை என்ற சாதுவான தலைப்பு. ஆசிரியர் பெயர், கலெரானா பரதோத்தி. எழுத்துகளை இடம் மாற்றிப் போட்டுப் பார்க்கத் தெரிந்த எவரும் அந்த வேஷத்தைக் கலைத்துவிடலாம். தந்தையரின் கொடுங்கோன்மை ஒருவாறு சுவரைத் தாண்டிவிட்டது. சில ஆண்டுகளுக்குள் ரோமாபுரி அதனைத் தடை செய்த நூல்களின் பட்டியலில் சேர்த்தது. மடத்தின் நரகமோ கையெழுத்துப் பிரதியாகவே கிடந்து, 1990-ஆம் ஆண்டில்தான் அச்சைக் கண்டது.

* * *

மாளிகையில் ஒரு குழந்தை

அர்க்காஞ்செலா கண்மூடிய அந்த 1652-இல், பெருங்கால்வாயின் கரையிலிருந்த கொர்னாரோ மாளிகையில் ஆறு வயதுக் குழந்தை ஒன்று விளையாடிக்கொண்டிருந்தது. அதன் பெயரும் எலெனா. கர்தினால்களையும் குடியரசின் தலைவர்களையும் ஈன்ற குலம் அது. ஆனால் இந்த எலெனாவின் தாய் ஸனெத்தா எளிய குடியிலிருந்து வந்தவள்; அதன் காரணமாக ஆண் பிள்ளைகளுக்குக் கூடப் பொன்னேட்டில் இடமில்லை என்றாகி, தந்தை ஜொவானி பத்திஸ்தா கொர்னாரோ மனம் வெதும்பிக் கிடந்தார்.

குழந்தையின் அறிவுக்கூர்மையைக் கண்ட ஒரு பாதிரியார், இவளுக்கு லத்தீனும் கிரேக்கமும் கற்பியுங்கள் என்றார். தந்தை ஆசிரியர்களை வரவழைத்தார். ஹீப்ரு வந்தது, ஸ்பானிஷ், பிரெஞ்சு, அரபு வந்தன, கணிதமும் தத்துவமும் சங்கீதமும் வந்தன. மாளிகைக்கு வரும் விருந்தினர் முன்னே மகளைப் பேசவைத்துத் தந்தை பூரித்தார். ஏட்டில் மறுக்கப்பட்ட கௌரவத்தை மகளின் நாவினால் மீட்டுவிடலாம் என்று அவர் எண்ணினார் போலும்.

மகளின் ஆசையோ வேறாக இருந்தது. பதினோராம் வயதிலேயே கன்னிமை விரதம் பூண்டாள். மடத்தில் சேர்த்துவிடுங்கள் என்று மன்றாடினாள். தந்தை மறுத்தார். ஆயிரக்கணக்கான தந்தையர் பெண்களை மடத்துக்குள் தள்ளிய அதே நகரத்தில், மடத்துக்குப் போகத் துடித்த ஒரு பெண்ணை அவள் தந்தை பிடித்து நிறுத்தினார். பெனெதிக்தீன் அங்கியை ரகசியமாகத் தன் பட்டாடைக்கு உள்ளே அணிந்துகொண்டு அவள் சபைகளில் அமர்ந்தாள்.

இந்தத் தந்தை 1670-களில் பதுவா சர்வகலாசாலையின் கதவைத் தட்டப்போகிறார். எந்தப் பெண்ணுக்கும் அதுவரை வழங்கப்படாத பட்டத்தை, அதுவும் வேதசாஸ்திரத்தில், தன் மகளுக்கு வழங்க வேண்டும் என்று கேட்கப்போகிறார். பதுவாவின் ஆயர் பார்பரிகோவின் விடை என்னவாக இருக்கும்? அந்தக் கதவு திறந்தால், உள்ளே நுழைவது எலெனாவின் விருப்பமா, அவள் தந்தையின் விருப்பமா?

(தொடரும்)